அம்மா மறக்காத லென்ஸ்

எங்கள் அன்பு அம்மா கர்த்தருடைய சமுகத்துக்குப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அன்று முடிச்சூர் வீட்டிலும் பிறகு கல்லறைத் தோட்டத்திலும் எங்களோடு நின்ற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரைப் பணிவோடு தருகிறோம். ஒரே மகள் என்பதால் அம்மாவைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டேன். எழுத வராததால் அல்ல, எழுதினால் அம்மாவுக்கு நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்பதால். அதை என் கணவரிடம்கூட இதுவரை சொன்னதில்லை. இந்த மலர் அச்சாகி வந்த பிறகுதான் அவரும் படிப்பார். ஆனாலும் எழுதுகிறேன்.

அம்மா படப்பையில் பிறந்தவர். மூன்று பெண்களில் நடுப்பெண். பெரியம்மாவும் சித்தியும் ஆசிரியைகள் ஆனார்கள். அம்மா மட்டும் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பைப் படித்து, அரசு மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். முப்பது வருடத்துக்கு மேல் அதே இருட்டறை, அதே மூன்று கட்டளை: "மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க." எனக்குச் சிறுவயதில் காய்ச்சல் பார்க்கும்போதும், பள்ளி மேடைக்கு அனுப்பும்போதும், பிற்பாடு என் திருமண நாளில் முந்தானையில் ஊக்கு குத்தும்போதும் இதையேதான் சொன்னார்.

அப்பா கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு நாள் காலை டிபன் பாக்ஸோடு போனவர், ரயிலிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். அன்று என்னைப் பிடித்த பயம் இன்றுவரை விடவில்லை. வாசல் தாண்டி யார் போனாலும், திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை எனக்கு எதுவும் ஓடாது. பெற்ற பிள்ளை வெளியூர் போனால் தாய்மார் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். ஊர் ஊராகப் போனவர் அம்மா, நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

அம்மாவுக்கு அந்தப் பயம் துளியும் கிடையாது. "உங்கப்பா என்ன மலை மேல ஏறியா போனாரு? தினமும் போற ட்ரெயின்ல தானே போனாரு," என்பார்.

தனியாக என்னை வளர்த்த கஷ்டங்களை அம்மா யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. இரட்டை ஷிஃப்ட் பார்த்தார், முடிச்சூரில் வயலை மனையாகப் போட்டபோது கடன் வாங்கி ஒரு மனை வாங்கினார், சிறிதாக வீடு கட்டினார். எனக்கு நாவலூரில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்த மாதம்தான் தனக்கென்று ஒரு பொருள் வாங்கினார். பழைய கேமரா ஒன்று, அதோடு வந்த சாதாரண லென்ஸ். சபையில் வேளாங்கண்ணி, தரங்கம்பாடி என்று கூட்டிக்கொண்டு போன சுற்றுலாவில் ஆரம்பித்தது. பிறகு தனுஷ்கோடி, ஹம்பி, ராஜஸ்தான் என்று நீண்டது. நானும் கணவரும் அதே வீட்டில்தான் இருந்தோம், ஆனால் ஓய்வு பெற்ற பிறகு அம்மா வீட்டில் இருந்த நாட்களை எண்ணிவிடலாம்.

கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் லென்ஸைப் பற்றிப் பயத்திலேயே நிறையக் கற்றுக்கொண்டேன். எந்த லென்ஸை எடுத்துப் போகிறாரோ அதை வைத்து அம்மா எங்கே நிற்பார் என்று சொல்லிவிடுவேன். நீளமான ஜூம் லென்ஸ் தள்ளி நிற்க வைக்கும். அது பையில் இருந்தால் எனக்கு நிம்மதி. அம்பது எம்.எம். லென்ஸை முகங்களுக்கென்று வைத்திருந்தார். அதில் ஜூம் கிடையாது, ஆட்கள் படத்துக்குள் அடங்காவிட்டால் நாம்தான் பின்னால் நகர வேண்டும். வைடு லென்ஸ் இருக்கிறதே, அதுதான் எமன். கண்ணுக்கு எட்டியதையெல்லாம் ஒரே படத்தில் அடக்கும். ஆனால் எல்லாவற்றையும் குட்டியாகக் காட்டும், அதனால் கிட்டே போ, இன்னும் கிட்டே போ என்று ஆளை இழுத்துக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு உயிர் அந்த லென்ஸ்தான்.

ஓய்வு பெற்ற நாளில் அந்த ஜூம் லென்ஸை வாங்கிக் கொடுத்தவள் நானே. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "என்னைப் பத்தடி தள்ளி நிக்க வைக்கிறதுக்கு இவ்ளோ பெரிய லென்ஸா? ஒரு கயிறு வாங்கிக் கட்டியிருக்கலாமே," என்று சிரித்தார்.

அம்மா அனுப்பும் படங்களை உறவினர்கள் எல்லோரும் வாட்ஸாப்பில் பார்த்து மகிழ்ந்திருப்பீர்கள். அருவி என்பீர்கள், மலை என்பீர்கள். நான் அவற்றில் அருவியைப் பார்த்ததே இல்லை. இந்தப் படத்தை எடுக்க அம்மாவின் கால் எங்கே இருந்திருக்க வேண்டும் என்றுதான் பார்ப்பேன். ஒரு முறை ஏதோ ஒரு பள்ளத்தாக்கின் படம் வந்தது. கீழ் ஓரத்தில் அம்மாவின் இரண்டு கான்வாஸ் ஷூ முனைகள், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. சித்தி அதற்குக் கைதட்டும் பொம்மை அனுப்பியிருந்தார். அலுவலகக் கழிவறையில் போய் நின்றுகொண்டு, அம்மாவின் குரலைக் கேட்கும்வரை போன் அடித்துக்கொண்டே இருந்தேன்.

இப்படிப்பட்ட அம்மாவுக்கும் ஒரே ஒரு பயம் இருந்தது. அதை நான் மட்டும் அறிவேன். மறதி.

எங்கள் பெரியம்மாவுக்குக் கடைசி நான்கு வருடம் எதுவும் நினைவில்லை. அம்மாதான் போய்ப் பார்த்துக்கொண்டார். தன்னைக் கூடப் பிறந்த தங்கை என்று தெரியாமல் பெரியம்மா "நர்சம்மா" என்று கூப்பிட்டதை வீட்டுக்கு வந்து சொன்ன அன்று, அம்மா சாப்பிடவில்லை. அதன் பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டார். பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கேமரா, லென்ஸ், பேட்டரி, கார்டு, துடைக்கும் துணி என்று வரிசையாக எழுதியிருக்கும். பயணத்துக்கு முன்பு எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பையில் வைத்து, பென்சிலால் டிக் போடுவார். வந்ததும் மறுபடியும் அதே சடங்கு. ஒரு முறைகூட ஒரு மூடியைக்கூட அவர் தொலைத்ததில்லை. பெருவெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கிய வருடம் கீழ்த்தளத்தில் நின்ற தண்ணீரில் பழைய லென்ஸ் ஒன்று மட்டும் வீணானது. அதைக்கூடப் பட்டியலில் அடித்துவிட்டு, பக்கத்தில் "தண்ணீர்" என்று எழுதி வைத்தார்.

சென்ற ஆண்டு, அம்மாவும், அவரோடு மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களும், அவர்கள் வீட்டாரும், டிரைவருமாக ஒன்பது பேர், வேன் வைத்துக்கொண்டு ஆந்திராவில் கண்டிக்கோட்டைக்குக் கிளம்பினார்கள். அந்த இடத்தைப் பற்றி நான் போனில் தேடிப் பார்த்தேன். செங்கல் நிறப் பாறை, நடுவில் ஆறு, இருபக்கமும் செங்குத்தான பள்ளம், தடுப்பு என்று ஒன்று கிடையாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டுகூட வேண்டாம். இரண்டு நாள் தூங்கவில்லை. "இந்த ஒரு தடவை போகாதேம்மா," என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீ அழுதா நான் போகலை. ஆனா காரணம் ஒண்ணு சொல்லு," என்றார் அம்மா.

என்னிடம் காரணம் இல்லை. பயம்தான் இருந்தது.

கிளம்பும் நாள் காலையில் அம்மா பையைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். டிக் எல்லாம் போட்டாகிவிட்டது. நான் பையைத் திறந்து, வைடு லென்ஸை அதன் உறையிலிருந்து எடுத்து, உறையைப் பழையபடி வைத்து மூடினேன். லென்ஸை என் அலமாரியில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அது இல்லாவிட்டால் அம்மா விளிம்புக்குப் போக மாட்டார். அவ்வளவுதான் என் கணக்கு. வேன் கிளம்பியபோது எனக்குப் பல வருடங்களில் இல்லாத நிம்மதி. அம்மாவுக்குக் கை காட்டிவிட்டு உள்ளே வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் மதியம் போன் வந்தது.

"வைடு உறை காலியா இருக்குடி. வீட்ல இருக்கா பாரு."

தேடுவது போலச் சிறிது நேரம் நின்றேன். பீரோவைத் திறந்து மூடும் சத்தத்தைக்கூட அவருக்குக் கேட்கும்படி செய்தேன். "பீரோவுலதாம்மா இருக்கு. எடுத்து வைக்க மறந்து போயிருப்பே," என்றேன்.

"டிக் போட்டேனே," என்றார் அம்மா.

"போட்டிருக்கே. ஆனா வைக்கலை போலருக்கு."

"ஓ," என்றார். அம்மா அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. கூட்டத்தில் கை நழுவவிட்ட குழந்தையின் குரல் அது. அப்போதே சொல்லியிருக்கலாம். திட்டுவாரே என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வேன் டிரைவர் அண்ணன் கூப்பிட்டார். பெருங்களத்தூர்க்காரர், அம்மாவை எத்தனையோ ஊருக்குக் கூட்டிப் போனவர். "யக்கா, பதறாத. அம்மா வுயிந்துட்டாங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல. இடுப்புதான்," என்றார்.

நான் பயந்த பள்ளத்தில் அம்மா விழவில்லை. அதன் பக்கமே போகவில்லை. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறார். "போன்லயே எடுத்திடலாமே" என்று யாரோ சொன்னதற்கு, "அதெல்லாம் படமா" என்றாராம். கையில் இருந்தது அம்பது எம்.எம். லென்ஸ். அதில் டிரைவரையும் சேர்த்து மீதி எட்டுப் பேரும், பின்னால் மலையும் அடங்க வேண்டுமென்றால் பின்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். பின்னால் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு இருந்தது. எனக்கு லென்ஸ்கள் தெரியும் என்று மேலே பெருமையடித்துக்கொண்டேன். அம்பது பின்னால் போக வைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். முன்னால் இருந்த பள்ளத்தை மட்டுமே நினைத்துப் பயந்ததில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கேமரா உடையவில்லை. அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்திருக்கிறார். உள்ளே இருந்த கார்டைப் பார்க்க எனக்குப் பத்து மாதம் தைரியம் வரவில்லை. இந்த மலருக்குப் படம் தேடும் சாக்கில்தான் திறந்தேன். ஒரே காட்சியை ஐந்து முறை எடுத்திருக்கிறார். முதல் படத்தில் நான்கு பேர். அடுத்ததில் ஐந்து, பிறகு ஏழு. நான் எப்போதும் போல அம்மாவின் கால் எங்கே என்றுதான் பார்த்தேன். ஓரடி, இரண்டடி, அதற்குப் பின் நாலடி. நான்காவது படத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள், சிரிக்கிறார்கள். தலைக்கு மேல் இன்னும் கொஞ்சம் வானம் வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கும். ஐந்தாவது படத்தில் ஏழு பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரத்தில் டிரைவர் அண்ணன் மட்டும் கையை நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்கிறார்.

அவரைப் போய்ப் பார்த்தேன். "நான் கூவுனேன்க்கா. 'நில்லும்மா, பின்னாடி பள்ளம் கீது'ன்னு கூவுனேன். அவங்க கண்ணு கேமராவுல கீது, காதுல வியல. முன்னயெல்லாம் திரும்பிப் பாத்துதான் கால வெப்பாங்க. அன்னிக்கு இன்னாவோ யோசனையாவே இருந்தாங்க," என்றார்.

என்ன யோசனை என்று எனக்குத் தெரியும்.

அங்கே முதலுதவி செய்து, ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டு வந்தோம். இடுப்பில் அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மூன்று வாரம் அம்மா மருத்துவமனையில் இருந்தார். பார்க்க வந்த உங்களில் பலரிடம் அவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். "எனக்கும் அக்கா மாதிரி ஆரம்பிச்சிடுச்சு. டிக் போட்டுட்டு வைக்காம போயிருக்கேன்." வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை மட்டும் வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். கட்டில் பக்கத்தில் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

காலையில் கண் விழித்ததும் "கேள்வி கேளு" என்பார். நான் கேட்க வேண்டும். கல்யாண நாள், பழைய போன் நம்பர், எந்த ஊருக்கு எந்த லென்ஸ் கொண்டு போனார், எக்ஸ்ரே அறையில் கூட வேலை பார்த்தவர்களின் பெயர்கள். ஒன்றுகூடத் தப்பாகச் சொன்னதில்லை. இருபத்து மூன்றாம் சங்கீதத்தைக் கடைசி வசனத்திலிருந்து முதல் வசனம் வரை தலைகீழாகச் சொன்னார். முடித்துவிட்டு, "சரியா சொன்னேனா? நிஜமா?" என்று என் முகத்தையே பார்ப்பார். செங்குத்துப் பாறையின் நுனியில் நின்று எனக்குப் படம் அனுப்பிய அம்மாவின் கண்ணில் என்னுடைய பயத்தைப் பார்த்தேன். அதை அவருக்குக் கொடுத்தவள் நான்.

மூன்றாவது வாரம் என்னால் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். "அம்மா, நீ மறக்கலை. நீ பையில வெச்சே. நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"எனக்காகப் பொய் சொல்லாதடி. உனக்குப் பொய் சொல்ல வராது."

"பொய் இல்லைம்மா. சத்தியமா."

"அன்னிக்கு போன்ல பீரோவுல இருக்குன்னு சொன்னியே, அது உண்மை. இது எனக்கு ஆறுதலுக்குச் சொல்றே. எனக்குத் தெரியாதா உன்னை?"

மறுநாள் அந்த லென்ஸையே புடவைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பீரோவுலேருந்து எடுத்துட்டு வந்தியா? பூசணம் பிடிக்காம பாத்துக்கோ," என்றார். அதற்கு மேல் என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. என் பொய்யை ஒரே தடவையில் நம்பிய அம்மா, என் உண்மையைக் கடைசி வரை நம்பவில்லை.

இரண்டு நாள் கழித்து மூச்சுத் திணறல் வந்தது. நுரையீரலில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். அன்று காலையிலும் கேள்வி கேட்டிருந்தேன், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு, "இதெல்லாம் நாளைக்கும் ஞாபகம் இருக்குமாடி?" என்று கேட்டார். நான் "இருக்கும்மா" என்றேன். மாலைக்குள் போய்விட்டார்.

அடக்கத்தன்று சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, "ரெண்டு அக்காவுக்கும் ஞாபகம் போயிடுச்சு. அடுத்தது நான்தான்," என்றார். துக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். இந்த ஓராண்டில் சித்தி இரண்டு முறை டாக்டரிடம் போய்ச் சோதனை செய்துகொண்டார். ஒரு நாள் காலை வீட்டுச் சாவியைக் காணோம் என்று எனக்குப் போன் செய்து தேம்பினார். சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் நடப்பதுதான். ஆனால் சித்தி, "ஆரம்பிச்சிடுச்சு பாரு," என்றார். அம்மா மருத்துவமனையில் சொன்ன அதே வார்த்தை. போனை வைத்துவிட்டு அன்று மாலையே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் துக்கத்தில் துணை நின்ற அனைவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பாறை இடுக்கில் இறங்கி, தன் முழங்கால் கிழிய அம்மாவைத் தோளில் தூக்கி வந்த டிரைவர் அண்ணனுக்கு, அன்று உடனிருந்த நண்பர்களுக்கு, அம்மாவை வயதானவர் என்று அலட்சியம் செய்யாமல் பேசிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தினமும் வந்து ஜெபித்த ஆயர் ஐயா அவர்களுக்கு, மூன்று வாரமும் எல்லோருக்கும் சமைத்து அனுப்பிய முடிச்சூர் அக்கம்பக்கத்தாருக்கு, இதைப் படித்த பிறகும் என்னோடு பேசுவார் என்று நான் நம்பும் என் கணவருக்கு.

என்னை மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டேன், அவர் என் குற்றத்தையே ஒப்புக்கொள்ளவில்லை. உங்களிடம் கேட்பது வேறு. இனி அம்மாவைப் பற்றிப் பேசும்போது, கடைசியில் அவருக்கு ஞாபகம் தடுமாறிவிட்டது என்று யாரும் சொல்லாதீர்கள். சித்தி, நீங்கள் இதை இரண்டு முறை படியுங்கள். அம்மா லென்ஸைப் பையில் வைத்தார், பிறகுதான் டிக் போட்டார். அவருக்கு எதுவும் மறக்கவில்லை.

நான் சொன்னதை அம்மா நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.